ட்யூ காகாவின் ஸ்டிக்கர்

நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாயைத் திறக்கவே கூசுகிறவள் நான். திண்டுக்கல்லில் பத்தாவது வரை படித்தேன், கல்யாணமாகி, மராட்டி பேசும் ஊரான நிக்டிக்கு வந்தேன், அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் தமிழில் எழுதியது மளிகைச் சீட்டும், அம்மா இருந்தவரை அவளுக்குப் போட்ட கடிதங்களும்தான். இப்போது ஒரு மனிதரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதிகப்பிரசங்கித்தனம் என்று தோன்றினால் மன்னித்துவிடுங்கள். எங்கள் தமிழ்ச் சங்க மலருக்கு, மறக்க முடியாத ஒருவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். மற்றவர்கள் அன்போடு எழுதுவார்கள். என்னால் அப்படி எழுத முடியாது. அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவர்மேல் எனக்கு இருந்த கோபம் அவரோடு போகவில்லை. அதற்கும் சேர்த்து மன்னிக்க வேண்டும்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. காலனியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. மராட்டிக்காரர்களுக்கு அவர் ட்யூ காகா. எங்களைப் போன்ற தமிழ் வீடுகளுக்கு ட்யூ அண்ணா. எதிரே நின்று பேசும்போது நான் வெறும் "அண்ணே" என்பேன். கோயம்புத்தூர்க்காரர். எங்கள் கட்டடத்திலேயே கீழ் வீடு.

ஆகுர்டியில் ஒரு வண்டித் தொழிற்சாலையில், அளவுக் கருவிகள் வைத்திருக்கும் அறையில், முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அந்த அறையை கேஜ் ரூம் என்பார்கள். அங்கே ஒவ்வொரு கருவியின் மேலும் சின்ன ஸ்டிக்கர் ஒன்று இருக்குமாம். சோதித்த தேதி ஒரு வரி, அடுத்து சோதிக்க வேண்டிய ட்யூ தேதி ஒரு வரி. ட்யூ தாண்டிவிட்டால் கருவி நன்றாகவே இருந்தாலும் அதைத் தொடக்கூடாது. கழித்துக்கட்டிய கருவிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, ஒரு ஓட்டையும் போட்டுவிடுவார்கள். இல்லையென்றால் யாராவது தெரியாமல் எடுத்துப் போய் மறுபடி வேலையில் வைத்துவிடுவார்களாம்.

ஓய்வு பெற்ற மறுவாரமே அந்த ஸ்டிக்கர் வீட்டுக்கு வந்துவிட்டது. குக்கர் காஸ்கெட்டுக்கு ஒன்று, குடைக்கு ஒன்று, வாசலில் கழற்றிவிடும் செருப்பின் உள்பக்கத்தில் ஒன்று. அவர் மனைவி, நாங்கள் அக்கா என்போம், ஒருநாள் மாடிப்படியில் நின்று சொன்னார்: "எம்மேல மட்டும் இன்னும் ஒட்டல. ஒட்டியிருந்தா இந்த மனுசன் எப்பவோ மாத்தியிருப்பாரு."

அண்ணா சிரிக்கவில்லை. "உனக்குத்தான் இன்னும் சோதனையே முடியலையே" என்றார்.

அவருக்கு முக்கியம் கம்ப்யூட்டர்தான். மகன் வெளிநாடு போகும்போது வாங்கிக் கொடுத்ததைப் பிரித்துப் பிரித்துப் பூட்டியே வேலையைக் கற்றுக்கொண்டார். பிறகு காலனியில் எந்த வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் அவர்தான். யாரிடமும் எதுவும் வாங்கமாட்டார். சர்க்கரை குறைவாக ஒரு டீ, அவ்வளவுதான். போகும்போது ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவார். யுபிஎஸ் பாட்டரிக்கு இரண்டு வருஷம், ஹார்டு டிஸ்குக்கு நாலு, பெட்டி மொத்தத்துக்கும் ஆறு. எந்த வீட்டில் எதற்கு எப்போது ட்யூ என்று ஒரு நோட்டு வைத்திருந்தார். தேதி வந்தால் கூப்பிடாமலே வாசலில் நிற்பார்.

மூன்றாம் மாடியில் பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர், மராட்டிக்காரர், ஒருமுறை அவரை மறித்தார். "காகா, சாலூ ஆஹே நா அஜூன்!" இன்னும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று.

"சாலூ ஆஹே ம்ஹணூனச்!" என்றார் இவர். ஓடுகிறது, அதனால்தான் மாற்ற வேண்டும்.

பிறகு படி இறங்கும்போது என்னிடம் தமிழில் சொன்னார்: "ஓடறப்பவே மாத்திப்போடோணும் அம்மிணி. நின்னதுக்கப்புறம் மாத்தறதுக்குப் பேரு மாத்தறது இல்லீங்க, அழுகறது."

ஆசிரியை மாற்றவில்லை. அந்த மழைக்காலத்திலேயே அவர் டிஸ்க் போனது. மகளுடைய கல்லூரி ப்ராஜெக்ட் அதோடு போனது. இவர் போய் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டாமல் புது டிஸ்க் பொருத்தி, ஸ்டிக்கர் ஒட்டி, டீயைக் குடித்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு காலனியில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. கோபத்தில் எழுதினாலும் இதை மறைக்க மாட்டேன். பத்து வருஷம் அவர் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது. அதுதான் கெடுதலாகப் போயிற்று.

ஏன் இப்படித் தேதியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார் என்று ஒருமுறை என் வீட்டுக்காரர் கேட்டார். அவரும் தொழிற்சாலைக்காரர், கேட்க உரிமை உண்டு. அண்ணா டீ டம்ளரைக் கையில் பிடித்தபடியே சொன்னார்.

"ஒரு ரிங் கேஜுங்க, தண்டு கனம் பாக்கற வளையம். ட்யூ முடிஞ்சு ஒரு நாள்தான் ஆயிருந்துச்சு. நல்லாத்தானே இருக்குது, நாளைக்குப் பாத்துக்கலாம்னு லைன்லயே விட்டுப்போட்டேன். அது தேஞ்சிருந்துச்சுங்க. அந்த ஷிப்டு மாலு மொத்தமும் அளவு தப்பு. மிசின்ல நின்ன பையன் காண்ட்ராக்ட்டு. அவனைத்தான் அனுப்பிச்சாங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கல. நானும் வாயத் தொறக்கல. பேக்டரி கேட் வாசல்ல நின்னு அவன் திரும்பிப் பாத்தானுங்க."

அவர் டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது உண்மை. இப்போது அதை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான் வருகிறது.

இனி என் விஷயம். கூடத்து மூலையில் ஒரு எம்ப்ராய்டரி மெஷின் வைத்திருக்கிறேன். இந்த ஊர்ப் பட்டான பைட்டணிப் புடவைக்குப் போடும் ரவிக்கையில் மயில், தாமரை, கொடி எல்லாம் போட்டுத் தருவது என் தொழில். கேம்ப் என்கிற கடைத்தெருப் பகுதியில் ஒரு துணிக்கடைக்காரர் தொடர்ந்து வேலை கொடுத்துக்கொண்டிருந்தார். மெஷின் தானாகத் தைக்கும், ஆனால் எங்கே குத்த வேண்டும், எங்கே நூல் திரும்ப வேண்டும் என்று கம்ப்யூட்டரில் ஒருவர் வரைந்து கொடுக்க வேண்டும். அந்த வரைகிறவள் நான். ஒரு மயிலுக்கு மூன்று நாளாகும். கழுத்து வளைவில் தையல் நெருக்கமாகப் போனால் துணி சுருங்கும், தள்ளிப் போனால் பல்லிளிக்கும். ஏழு வருஷத்தில் நானூறு டிசைனுக்கு மேல் வரைந்திருந்தேன். வெளியில் வாய் பேசாதவள் நான். பேச வேண்டியதை எல்லாம் அங்கேதான் வைத்திருந்தேன் என்று சொன்னால் பெரிய பேச்சாகத் தெரியும். ஆனாலும் அதுதான் நிஜம்.

இடையில் ஒருமுறை என் கம்ப்யூட்டரின் டிஸ்குக்கு நாலு வருஷம் ஆனபோது அண்ணாதான் மாற்றினார். பழைய டிஸ்கை அப்படியே முழுசாகப் புதுசில் நகலெடுத்தார். ஒரு தையல்கூடக் குறையவில்லை. அந்த நம்பிக்கை எனக்கு இருந்தது.

அதற்கு இரண்டு வருஷம் கழித்துப் பெட்டிக்கு ஆறு வருஷம் முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் நின்றார். கையில் பை.

"அம்மிணி, பொட்டிக்கு ட்யூங்க."

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் தீபாவளிக்கு முன்னால் நாற்பது ரவிக்கை கேட்டிருந்தார். இப்போது வேண்டாம், பண்டிகை முடியட்டும் என்று சொல்ல வேண்டும். வாய் வரை வந்தது.

"டீ போடறேண்ணே" என்றேன்.

எனக்கு அதுதான் பழக்கம். வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் எல்லாம் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

புதுக் கம்ப்யூட்டரை என் வீட்டுக்காரர் ஏற்கனவே, அண்ணா சொன்னபடி, வாங்கி வைத்திருந்தார். அண்ணா அதைப் பூட்டினார். எம்ப்ராய்டரி சாப்ட்வேரை சிடியிலிருந்து ஏற்றினார். பழைய டிஸ்கிலிருந்து போட்டோ, என் மகளுடைய பாடங்கள், முகப்பில் இருந்தவை எல்லாவற்றையும் புதுசுக்கு மாற்றினார். இந்த முறை முழு நகல் எடுக்கவில்லை. பழைய விண்டோஸ் புதுப் பெட்டிக்கு ஆகாது என்றார்.

"உங்க டிசைனெல்லாம் எங்கீங்க இருக்குது?"

நான் திரையைக் காட்டினேன். முகப்பில் "டிசைன்" என்று பெயர் போட்ட மஞ்சள் பெட்டிப் படம். தினமும் அதைத்தான் நான் அழுத்துவேன்.

அவர் அதையும் இழுத்துப் போட்டார். புதுத் திரையில் அதே படம், அதே பெயர் வந்து உட்கார்ந்தது.

"எல்லாம் வந்திருச்சுங்களா, பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். "வந்துருச்சுண்ணே."

இரண்டாவது டீக்குப் பால் வைக்கப் போனேன். பால் பொங்கும்போது பால்கனியில் ட்ரில் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது பழைய டிஸ்கில் நடுவில் ஓட்டை விழுந்திருந்தது. மேலே சிவப்புப் பெயின்ட் காய்ந்துகொண்டிருந்தது. நல்ல உருப்படியும் கழித்த உருப்படியும் ஒரே அறையில் ஒரு மணி நேரம்கூட இருக்கக்கூடாது என்பது அவர் சட்டம்.

திங்கட்கிழமை காலையில் அந்தப் படத்தை அழுத்தினேன். திறக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். போக வேண்டிய இடத்தைக் காணோம் என்று ஏதோ ஆங்கிலத்தில் வந்தது. மகள் கல்லூரியிலிருந்து வந்து பார்த்தாள். அவளுக்குத் தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். "அம்மா, இது வந்து... ஒரிஜினல் இல்ல. சும்மா ரஸ்தா காட்டுற போர்டு மாதிரி" என்றாள். எனக்கு உடனே புரிந்தது. பலகையைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டோம். ஊர் பழைய டிஸ்கில் சாப்ட்வேருக்குள்ளேயே இருந்தது. அந்த டிஸ்கில்தான் ஓட்டை.

மெஷினின் ஞாபகத்தில் ஒன்பது டிசைன் மிச்சம் இருந்தது. பென் டிரைவில் ஐந்து.

டிஸ்கை எடுத்துக்கொண்டு கேம்ப்புக்கு பஸ் ஏறினேன். அழிந்ததை மீட்டுத் தரும் கடை ஒன்று அங்கே உண்டு. கடைக்காரர் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

"பாபிஜி, கோலி மாரி க்யா கிஸினே?" யாராவது சுட்டுவிட்டார்களா என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் டிஸ்கை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அதே தெருவில்தான் துணிக்கடை. உள்ளே போய், தீபாவளி ரவிக்கைக்குக் கேட்ட மயில் என்னிடம் இல்லை என்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "டீக் ஹை", சரி, என்று மட்டும் சொல்லிவிட்டு அங்கேயே வேறொருவருக்கு போன் போட்டார். ஏழு வருஷம் அந்த போனோடு முடிந்தது.

வீட்டில் என் வீட்டுக்காரர், "விடும்மா, மனுசன் நல்லதுக்குத்தான் செஞ்சாரு. நீயும் ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கணும்" என்றார். அவர் சொன்னது சரி. சரியாக இருப்பதால் கோபம் குறையும் என்று யார் சொன்னது?

இப்போது யாரைக் கேட்டாலும் ஒரு கணக்குச் சொல்கிறார்கள். கம்ப்யூட்டரை மூன்று வருஷம் வைக்கலாம், ஐந்து வருஷம் வைக்கலாம் என்று. உடையும்வரை வைத்துக்கொள் என்கிறவர்களும் உண்டு. அதில் உட்கார்ந்து வேலை செய்கிறவளிடம் வந்து, உள்ளே என்ன வைத்திருக்கிறாய், அது வேறெங்காவது இருக்கிறதா என்று கேட்கிற ஆளைத்தான் நான் இதுவரை பார்க்கவில்லை. பெட்டிக்கு வயது பார்க்கிறார்கள். உள்ளே இருக்கும் வேலைக்கு வயது பார்ப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் அந்த டிஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிவப்புக்குக் கீழே ஒரு மூலையில் காகிதம் மேடு தட்டியது. மகளுடைய நகப்பூச்சு அழிக்கும் தண்ணியைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். பெயின்ட் கரைந்து அவருடைய பச்சை மை எழுத்து தெரிந்தது. பொருத்திய தேதி. அதன் கீழே ட்யூ.

ட்யூவுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

பெட்டிக்குத்தான் ஆறு முடிந்திருந்தது. டிஸ்க் அவரே நடுவில் மாற்றியது. அவர் சட்டப்படியே, அதைக் கழற்றிப் புதுப் பெட்டியில் மாட்டியிருக்க வேண்டும். தன் கையால் எழுதிய ஸ்டிக்கரின் மேலேயே பெயின்ட் அடித்திருக்கிறார்.

நான் கதவைக்கூடச் சாத்தாமல் படி இறங்கினேன்.

கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து தன் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "வாங்க அம்மிணி" என்றார் அண்ணா.

டிஸ்கை நோட்டின் மேல் வைத்தேன். "படிங்கண்ணே."

"என்னங்க?"

"நீங்க எழுதினதுதான். சத்தமாப் படிங்க."

அவர் டிஸ்கைத் தூக்கினார், தள்ளிப் பிடித்தார், பக்கத்தில் பிடித்தார். ஜன்னல் பக்கம் திரும்பினார். படிக்க முடியவில்லை. நானே படித்தேன். தேதியை, மாதத்தை, வருஷத்தை. என் குரல் அப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. அக்கா கீரையை விட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"ரெண்டு வருஷம் இருக்குண்ணே இதுக்கு. நானூறு டிசைன் உள்ள இருந்துச்சு. ஒண்ணுகூட வரல. வந்ததெல்லாம் வெறும் படம்."

அவர் முகம் வெளுத்தது. மெதுவாக, "நீங்க பாத்துட்டு வந்திருச்சுன்னு சொன்னீங்களே அம்மிணி" என்றார்.

"சொன்னேன். இந்தக் காலனியில உங்ககிட்ட இல்லன்னு சொன்னவங்க யாரு? ஒண்ணே ஒண்ணத் திறந்து பாத்தீங்களா? முப்பது வருஷம் அளந்தீங்களே, ஒண்ணத் திறந்து அளந்தீங்களா? ஓட்டை போட நான் சொன்னேனா? ஒருநாள் வச்சிருந்தா என்ன, உங்க சட்டம் செத்தா போயிரும்?"

"இரும்மா, உக்காரு" என்றார் அக்கா.

"உக்கார மாட்டேன்க்கா."

மேசையில் அவருடைய கண்ணாடிக் கூடு கிடந்தது. அதன் மேலும் ஸ்டிக்கர். என் கண் அதில் விழுந்தது. கண் பரிசோதனைக்குப் போக வேண்டிய தேதி. அது போன வருஷமே முடிந்திருந்தது. அக்கா பல தடவை நச்சரித்தும் அவர் போகவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். நான் அந்தக் கூட்டைத் தூக்கி அவர் முன்னால் பிடித்தேன்.

"இதுக்கு ட்யூ போன வருஷம்ண்ணே. ட்யூ தாண்டின கண்ண வச்சுக்கிட்டுத்தான் எங்க வீட்டுல வேலை பாத்திருக்கீங்க."

அவர் அந்தக் கூட்டை வாங்கவில்லை. கைகள் நோட்டின் மேல் அப்படியே கிடந்தன. அவர் பார்வை என்மேல் இல்லை. எனக்குப் பின்னால் வாசலில் யாரோ நிற்பதைப் போல அங்கே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

பிறகு எழுந்து அலமாரியைத் திறந்து, வெல்வெட் துணியில் சுற்றிய வெர்னியர் அளவுகோலை எடுத்துக்கொண்டு வந்தார். தொழிற்சாலையில் விடைபெறும்போது கொடுத்தது. அதை எடுத்து நான் பார்த்ததே இல்லை.

"நீங்க தைச்ச ரவிக்கையெல்லாம் இந்த ஊர்லதானுங்க இருக்கும். யாராரு வீட்லன்னு சொல்லுங்க. நான் போய்க் கேட்டு வாங்கியாறேன். ஒவ்வொரு தையலா அளந்து எழுதித் தாறேன். நீங்க திரும்ப வரைஞ்சுக்கலாம். எத்தனை மாசம் ஆனாலும் சரிங்க."

எழுபது வயது மனிதர், கண் தெரியாமல், வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் ரவிக்கை கேட்பதை நினைத்தேன். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அல்லது சரி என்று தலையாட்டிவிட்டு, டீ போட மாடிக்குப் போயிருப்பேன்.

"வேண்டாம்" என்றேன்.

"அம்மிணி..."

"வேண்டாம்ண்ணே. இனிமே என் வீட்டுல எதையும் தொடாதீங்க."

டிஸ்கை எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். இன்றுவரை அது என் மெஷினின் பக்கத்தில்தான் இருக்கிறது. அன்றிலிருந்து உட்கார்ந்து நினைவிலிருந்தே வரைந்ததில் நூற்றைம்பது டிசைன் திரும்ப வந்திருக்கிறது. கழுத்து வளைவு மட்டும் பழைய மயிலுக்கு இருந்தது போல வரவில்லை.

மறுநாள் புதன்கிழமை. அவர் காலை ஒன்பது மணியிலிருந்து காலனியில் வீடு வீடாகப் போய், தான் ஒட்டிய ஸ்டிக்கர்களை எல்லாம் ப்ளேடால் சுரண்டி எடுத்தார். எங்கள் வீட்டுக்குப் பதினோரு மணிக்கு வந்தார். மூன்று இருந்தன. மூன்றையும் எடுத்துக்கொண்டார். நான் டீ போடவில்லை.